சுவரில் இருப்பது நம் ஊர் நரி இல்லை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமத்துப் பள்ளிகளின் சுற்றுச்சுவர்களுக்கு வெள்ளையடித்து, அவற்றில் காட்டு விலங்குகளின் ஓவியங்களைத் தீட்டும் பணி நெல்லைச் சீமையின் பல ஊர்களில் நடந்து வருவதைத் தங்கள் நாளிதழில் வெளிவரும் படங்கள் வழியாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அந்தப் படங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியே உண்டாகிறது. நான் பணியில் சேர்ந்த காலத்தில் பள்ளிச் சுவர் என்பது தேர்தல் சின்னமும் பூச்சிமருந்து விளம்பரமும் எழுதுவதற்கான இடமாக இருந்தது. இன்று அதே இடத்தில் ஒரு மானும் ஒரு மயிலும் வந்து நிற்கின்றன என்றால் அது சிறிய மாற்றம் அல்ல. ஆனால், அந்தச் சுவர்களில் 'நரி' என்று பெயரெழுதி வரையப்பட்டிருக்கும் விலங்கு நம் ஊர் நரி இல்லை. அதைச் சொல்லவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் வட்டாரத்துப் பள்ளி ஒன்றின் சுவர் முன்னால் சென்ற மாதம் நின்று பார்த்தேன். தீயைப் போன்ற செம்மஞ்சள் உடல், மையில் தோய்த்தெடுத்தாற்போன்ற கறுத்த கால்கள், உடல் நீளத்தில் பாதிக்கு மேல் நீண்டு வெள்ளை நுனியில் முடியும் வால். வரைந்தவருடைய கை நல்ல கை. கோட்டில் தயக்கமே இல்லை. ஆனால் அவர் வரைந்திருப்பது செந்நரி. ஐரோப்பாவிலும் ஆசியாவின் வடபகுதியிலும் வட அமெரிக்காவிலும் வாழும் அந்த விலங்கு, இந்தியாவில் இமயமலைச் சரிவுகளிலும் இராஜஸ்தான், குஜராத் பக்கத்து வறண்ட நிலங்களிலும் உண்டு, தமிழ்நாட்டில் இல்லை. கைப்பேசியில் தேடினால் முதலில் வந்து நிற்பது அதுதான் என்பதால் சுவரிலும் அதுவே வந்து நின்றுவிட்டது. அந்தச் சுவருக்கு அப்பால், வாழைத்தோட்டத்தைத் தாண்டிப் போனால், உண்மையான நரி இரவில் நடந்து போன தடம் வாய்க்கால் ஓரத்து ஈரமண்ணில் பதிந்திருக்கிறது. நாயின் தடத்தைப் போலவே இருக்கும். ஆனால் குனிந்து பார்த்தால், முன்னங்காலின் நடுவிரல் மெத்தைகள் இரண்டும் அடியில் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது தெரியும். நாய்க்கு அவை தனித்தனியாக இருக்கும். சுவருக்கு உள்ளே உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளை அழைத்துப் போய் அதைக் காட்டுவார் இல்லை.

இந்தப் பிழையைப் பிறர்மீது ஏற்றிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. பல ஆண்டுகள் நானே அதைக் கற்பித்திருக்கிறேன். பாட்டி வடை சுட்ட கதைக்குப் படம் வரையச் சொல்லும்போதெல்லாம், ஆரஞ்சுச் சுண்ணக்கட்டியால் உடலையும் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் வால் நுனியையும் கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன். 1990-களின் நடுவில் ஒரு நாள், ஏழாம் வகுப்பில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து நின்றான். அவனுடைய தாத்தா அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போடுகிறவர். "சார், நரிக்கு வால் நுனி கருப்பால்லா இருக்கும். வெள்ளையா இருந்து நான் பாத்ததே இல்லயே" என்றான். வகுப்பு சிரித்தது. நான் அவனை உட்காரச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். மாலையில் மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல் என்னோடு வந்தது. அவன் பார்த்ததைச் சொன்னான். நான் பார்க்காததை வரைந்துகொண்டிருந்தேன். அந்த வாரக் கடைசியிலேயே அவனுடைய தாத்தாவைத் தேடிப் போனேன். கிடையின் ஓரத்தில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்த அவர், "நரியப் பாக்கணும்னா வெயில் ஏறுததுக்கு முந்தி வாங்க சார். காப்பி குடிச்சிட்டுக் கெளம்புனா அது போயிருக்கும்" என்றார்.

ஒரு மாசி மாதத்து விடியலில், பிசானப் பருவத்து நெல்லை அறுத்து அரிதாள் மட்டும் நின்ற வயலில், கன்னடியன் கால்வாயின் கரையில் அவரோடு உட்கார்ந்துதான் முதன்முதலாக நரியை நின்று நிதானமாகப் பார்த்தேன். அதற்கு முன்பு பேருந்து வெளிச்சத்தில் சாலையைக் கடந்ததைப் பார்த்ததுண்டு. அது பார்த்ததில் சேராது. வரப்பின்மேல் தலையைத் தாழ்த்தி, ஒரே சீரான ஓட்டநடையில் வந்த அது, ஓர் இடத்தில் சட்டென நின்று தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தூக்கி எம்பி விழுந்தது. எலி அகப்பட்டதா தப்பியதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. நிமிர்ந்தபோது எங்களைக் கண்டுகொண்டது. பதறி ஓடவில்லை, இருபதடி தள்ளிப் போய், உடல் போகும் திசையிலேயே இருக்க, கழுத்தை மட்டும் தோளுக்கு மேலாகத் திருப்பி இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போயிற்று. அந்தத் திரும்பலில் தோளெலும்பு மேலே எழுந்து கழுத்து மயிர் இரண்டாகப் பிரியும். அதை வரைய முடிந்த அன்றுதான் நரியை வரைந்துவிட்டேன் என்று என் மனம் ஒப்புக்கொண்டது.

அதன் நிறத்தைச் சொல்வது எளிதன்று. அடித்தளம் பழைய வைக்கோலின் நிறம். முதுகில் மயிர்களின் நுனி கறுத்திருப்பதால் சாம்பல் பூத்த சேணம் ஒன்றைப் போர்த்தியது போலத் தோன்றும். காதின் பின்புறத்திலும் கால்களின் வெளிப்புறத்திலும் துருவேறிய செம்மை இருக்கும்; தொண்டையும் வயிறும் மங்கிய வெள்ளை. வால் உடல் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், நுனி கறுப்பு. தோளுயரம் ஒன்றரை அடியை ஒட்டியே நிற்கும். எடை பெரும்பாலும் 8 முதல் 11 கிலோவுக்குள் அடங்கும். கதைகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நேரில் பார்த்தால் இவ்வளவு சிறியதா என்று வியப்பார்கள்.

இந்த நிறத்தைக் குப்பியிலிருந்து அப்படியே எடுத்துவிட முடியாது. மஞ்சள் காவியை நீர்க்கக் கரைத்து முதலில் உடல் முழுவதும் பூச வேண்டும். அது நன்றாகக் காய்ந்தபின், பழுப்புக் காவியை மயிர் ஓடும் திசையிலேயே, கழுத்திலிருந்து பின்னோக்கி இழுக்க வேண்டும். கடைசியாக, ஏறக்குறைய உலர்ந்துவிட்ட தூரிகையின் நுனியில் கறுப்பைத் தொட்டு, முதுகில் மட்டும் விட்டுவிட்டு இழுத்தால் அந்தச் சாம்பல் சேணம் தானாக எழும். அவசரப்பட்டுக் கறுப்பை முன்னதாகப் போட்டால் எல்லாம் கலந்து சேறாகிவிடும். இது என் கைக்குப் பிடிபட நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த நான்கு ஆண்டுகளிலும் பிசான அறுவடைக்குப் பிந்தைய விடியல்கள் எனக்கு வயலிலேயே கழிந்தன. நரியின் படம் கெட்டுப்போன தாள்களின் பின்பக்கத்தில் கொக்கும் மடையானும் நீர்க்காகமும் கீரியும் சேர்ந்துகொண்டே வந்தன.

இதே கருத்தை வேறொரு நாட்டிலிருந்து வந்த படங்களும் எனக்கு உறுதிப்படுத்தின. என்னிடம் படித்த ஒருவர் இப்போது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வேலை செய்கிறார். அங்கே நாட்டுப்புறத்தில் குடியிருக்கும் ஓவியர்கள் தங்கள் வேலிக்கு வெளியே நடமாடும் கயோட்டி என்ற விலங்கை வரைகிறார்கள் என்று சொல்லிச் சில படங்களை எனக்கு அனுப்பினார். முதல் பார்வையில் அது நம் நரி என்றே நினைத்துவிட்டேன். அதே சாம்பல் படர்ந்த முதுகு, அதே துருநிறக் கால்கள், அதே கறுப்பு வால் நுனி. உற்றுப் பார்த்தபின் வேறுபாடு புலப்பட்டது: காது பெரிது, கால் நீளம், உடலும் நம் நரியைவிடப் பெரிது. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த உறவுகள். கயோட்டி என்ற பெயர் மெக்சிகோவின் பழங்குடிகள் பேசிய நாவாட்ல் மொழியிலிருந்து வந்தது. அந்தக் கண்டத்துத் தொல்குடிகளின் கதைகளில் ஏமாற்றுவதும் ஏமாறுவதும் அதற்கு வாய்த்த வேலை. நம் கதைகளில் நரிக்கு வாய்த்ததும் அதுவே. ஒரு காலத்தில் புல்வெளிகளுக்கும் பாலைநிலங்களுக்கும் உரியதாக இருந்த அது, இன்று அலாஸ்கா முதல் பனாமா வரை பரவியிருக்கிறது.

அந்தப் படங்களில் ஒன்று இன்னும் என் மேசையில் இருக்கிறது. முள்வேலிக் கம்பம் ஒன்று, விடியலின் சாய்ந்த வெளிச்சம், ஒரு முட்புதரின் அடியில் பாதி மறைந்து நிற்கும் கயோட்டி. புதரின் சின்னஞ்சிறு இலைகளைப் பார்த்ததும் எங்கோ பழகியது போலிருந்தது. விசாரித்தபோது, அது நம் சீமைக்கருவேலத்தின் இனத்தைச் சேர்ந்த மரம் என்றும், அதன் நெற்றுகளைக் கயோட்டி விரும்பித் தின்னும் என்றும் தெரிந்தது. நம் சீமைக்கருவேலமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டதுதான். நாங்குநேரிப் பக்கத்துத் தரிசுகளில் அந்த மரத்தின் நிழலில் நம் நரியும் படுத்திருக்கிறது. அந்த ஓவியர் விலங்கின் பெயரைப் படத்தில் எழுதவில்லை. எந்த ஊர் என்றும் எழுதவில்லை. வேலிக்கம்பமும் வெளிச்சமும் இலையும் ஊரைச் சொல்லிவிடுகின்றன. நம் பள்ளிச் சுவர்களில் நரியைச் சுற்றி வரையப்பட்டிருப்பது ஊசியிலை மரங்களும் பச்சைப் பட்டுப்போன்ற புல்தரையும். ஒரு பனை இல்லை, ஒரு உடைமரம் இல்லை, வாழையின் கிழிந்த இலை ஒன்றுகூட இல்லை. கயோட்டியை அச்செடுத்தாற்போல் நம் சுவரில் வரைந்தாலும் அதுவும் செந்நரியைப் போலப் பிழைதான். அந்த ஓவியர்கள் தம் வேலியோரத்தைப் பார்த்ததுபோல் நாம் நம் வரப்போரத்தைப் பார்க்க வேண்டும்.

பெயரிலும் ஒரு குழப்பம் இருப்பதை இங்கே குறிப்பிட வேண்டும். எங்கள் பக்கத்து விவசாயிகள் ஊளையிடும் விலங்கை நரி என்றும், வெட்டவெளியில் வளை தோண்டி வாழும், 2 அல்லது 3 கிலோ மட்டுமே இருக்கும் சிறிய விலங்கைக் குள்ளநரி என்றும் பிரித்தே சொல்கிறார்கள். அச்சில் வரும் நூல்களிலோ இரண்டுக்கும் குள்ளநரி என்ற பெயர் மாறி மாறி வருகிறது. ஓவியர் விலங்கின் பெயரை வைத்துப் படம் தேடும்போது அந்தக் குழப்பம் சுவருக்கும் வந்துவிடுகிறது. ஆண் நரிக்கு ஓரி என்றும் நரிக்குட்டிக்குக் குருளை என்றும் தனிச் சொற்களை வைத்திருந்த மொழி நம்முடையது. வெயிலடிக்கும்போது மழை பெய்தால் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்று இன்றும் சொல்கிறோம். எதிர்பாராத நன்மை ஒருவருக்கு வந்தால் நரி முகத்தில் விழித்தாயா என்று கேட்கிறோம். இத்தனை நெருக்கமாகப் பேச்சில் வைத்திருக்கும் ஒரு விலங்கின் வால் நுனி என்ன நிறம் என்று நமக்குத் தெரியாமல் போயிற்றே என்பதுதான் என் வருத்தம்.

நரி முகத்தில் விழித்தல் என்றதும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லத் தோன்றுகிறது. எங்கள் ஊரில் தேநீர்க் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் நரிக்கொம்பு என்று சொல்லி எதையோ விற்க ஒருவர் வந்தார். மயிர் ஒட்டிய சிறு எலும்புத் துண்டு அது. கல்லாவில் வைத்தால் வியாபாரம் பெருகும் என்பது பேச்சு. நரிக்குக் கொம்பு கிடையாது. கொம்பென்று விற்கப்படுவது ஒன்று போலி, இல்லையென்றால் கொல்லப்பட்ட நரியின் மண்டையோட்டுத் துண்டு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு நரி முதல் அட்டவணையில் இருக்கிறது; புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர், "அப்பம் நீங்க ஒரு நரி வரஞ்சு தாங்க சார், தினம் கடை தெறக்கும்போது அது முகத்துல முழிச்சுக்கிடுதேன்" என்றார். வரைந்து கொடுத்தேன். வரப்பில் நின்று திரும்பிப் பார்க்கும் அதே நரி. இன்று அந்தக் கடையில் தேநீர் குடிக்க வருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, தாங்கள் எப்போது எந்த வயலில் கடைசியாக நரியைக் கண்டோம் என்று பேசத் தொடங்குகிறார்கள். காட்டுப்பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயை, அதாவது தீனிக்குள் மறைத்த வெடியை, கடித்து வாய் சிதறிச் செத்த நரியைப் பற்றி ஒருவர் சொன்னதும் அந்தப் படத்துக்கு முன்னால்தான். அதுவரை அவர் அதை யாரிடமும் சொன்னதில்லையாம்.

ஓவியம் என்பது வெளியூரிலிருந்து வந்த விலங்கைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடனா நதி தாமிரபரணியோடு கலக்கும் இடத்திலுள்ள திருப்புடைமருதூர்க் கோயிலுக்குப் போய், கோபுரத்தின் உள்நிலைகளில் நாயக்கர் காலத்து ஓவியர்கள் தீட்டியவற்றைப் பாருங்கள். கடல் கடந்து கப்பலில் குதிரைகள் வரும் காட்சி அங்கே இருக்கிறது. குதிரை இந்த மண்ணில் பிறந்ததன்று. ஆனால் அந்த ஓவியர்கள் குதிரையை அறிந்திருந்தார்கள். கழுத்து வளைவையும் குளம்பு ஊன்றுவதையும் கண்ட கண் அது. கையில் இருந்தவை காவியும் சுண்ணாம்பும் கரியும் போன்ற சில நிறங்களே. அதே திருப்புடைமருதூரில் கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. அந்த இடம் 2005-இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கோபுரத்தின் உள்ளே ஓவியம், வெளியே உயிர். பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே காலையில் காட்டிவிடலாம்; எழுதுபலகையையும் பென்சிலையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்ல வேண்டும்.

பார்த்து வரைவதற்கு நம் மண்ணிலேயே முன்னோடி ஒருவர் இருக்கிறார். 1912-இல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், நாட்டின் தலைசிறந்த இயற்கையியலாளர்களில் ஒருவராக அறியப்பட்டவர். கல்கத்தாவின் ஆங்கில நாளிதழ் ஒன்றில் 1950 முதல் 1996-இல் மறையும் வரை நாட்டுப்புறத்து உயிர்களைப் பற்றித் தொடர்ந்து எழுதினார், தமிழிலும் எழுதினார், தம் கட்டுரைகளுக்குக் கோட்டோவியங்களைத் தாமே வரைந்தார். வீட்டுக் கூரையில் ஓடும் அணிலையும் தோட்டத்தில் வரும் கீரியையும், புலிக்கும் யானைக்கும் கொடுத்த அதே கவனத்தோடு பார்த்தவர் அவர். அவருடைய பிறந்த ஊரில் உள்ள எத்தனை ஓவிய வகுப்புகளில் அவர் பெயர் சொல்லப்படுகிறது?

நரியைப் பற்றியே இவ்வளவு எழுதிவிட்டேன். சுவருக்குக் காத்திருக்கும் மற்ற உயிர்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பனங்காடை மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது மண்ணிறப் பறவையாகத்தான் தெரியும். எழுந்து பறக்கும் கணத்தில் சிறகு விரிந்து கருநீலமும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாகப் பளிச்சிடும். பறக்கும் பனங்காடையை ஒரு பனையின் கறுத்த உடலுக்கு முன்னால் வரைந்தால் அதைவிடக் கண்ணைப் பறிக்கும் சுவர் வேறு இராது. மயில் எல்லாச் சுவரிலும் இருக்கிறது, எல்லாச் சுவரிலும் தோகை விரித்தே இருக்கிறது. ஆண்டுதோறும் தோகையை உதிர்த்துவிட்டு, மொட்டை வாலோடு கம்பங்கொல்லையில் ஒதுங்கி நடக்கும் ஆண்மயிலை நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் பார்த்திருக்கிறார்கள். அதை வரைந்து வைத்தால் தாங்கள் பார்த்ததும் ஓவியத்துக்கு உரியதே என்று அவர்களுக்குத் தெரியும். தேரி எனும் செம்மணல் மேடுகளின் பக்கத்து ஊர்களில் முள்ளெலி இருக்கிறது. கக்குவான் இருமலுக்கு மருந்து என்று சொல்லி அதன் முள்ளைத் தேடுகிறவர்கள் உண்டே தவிர, அதை வரைந்தவர் எவரையும் நான் கண்டதில்லை. வல்லநாட்டில் 1987 முதல் சரணாலயமே வெளிமானுக்காக இருக்கும்போது, அந்தச் சாலையோரத்துச் சுவர்களில் ஆப்பிரிக்க மானைத் தேடிப் போக வேண்டியதில்லை. வெளிமானின் முறுக்கிய கொம்பை வரைவது கடினம். அது தெரியும். கடினம் என்பதால்தான் மூன்றுமுறை போய்ப் பார்க்க நேரும்.

கூந்தன்குளத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் கொண்ட ராம்சார் பட்டியலில் இடம்பெற்றதாக அறிவிக்கப்பட்ட அந்த ஊரில், பறவைகள் குளத்தோடு நிற்காமல் தெருவில் உள்ள மரங்களிலும் வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டுகின்றன. மஞ்சள்மூக்கு நாரையின் முதுகுச் சிறகில் இனப்பெருக்கக் காலத்தில் ஏறும் இளஞ்சிவப்பை அங்கே பத்தடி தூரத்தில் நின்று பார்க்கலாம். அதன் குஞ்சுகளுக்கு அந்த நிறம் கிடையாது, அவை சாம்பலாகவே இருக்கும். செங்கால் நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிட்ட பழம்புலவர் பறவையையும் கிழங்கையும் கையருகே வைத்துப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். தைப்பொங்கலுக்குப் பனங்கிழங்கு அவிக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த நிறத்தைக் கலக்கச் சொல்லிக்கொடுக்க வேறு உவமை தேவைப்படாது.

சுவர் வேலையைப் பற்றியும் சில சொற்கள். ஆற்றோரத்து ஊர்களில் சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூக்கும். ஓர் அடிக்குக் கீழே வண்ணம் நிற்காது, அதை மண்ணிறமாகவே விட்டுவிட வேண்டும். மேற்குச் சுவரில் மாலை வெயில் படுவதால் சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளுக்கும். காவி நிறங்கள் தாங்கும். நரியின் நிறம் பெரும்பாலும் காவி என்பதால் மேற்குச் சுவர் அதற்குப் பொருந்தும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, விலங்கை அதன் உண்மையான அளவிலேயே வரைய வேண்டும். ஒன்றரை அடி உயர நரியின் கண், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை குத்தவைத்து உட்கார்ந்தால் அதன் கண்ணுக்கு நேராக வரும். ஆறடியில் நிற்கும் செந்நரியைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உண்மை அளவில் வரைந்த நரியின் முகத்தை அவர்கள் தொட்டுப் பார்க்கிறார்கள். என் சொந்தச் செலவில் நான் வரைந்த இரண்டு சுவர்களில் நரியின் நெற்றிதான் முதலில் தேய்ந்தது.

ஆகவே தங்கள் வாயிலாக மூன்று தரப்பினரிடம் கேட்டுக்கொள்கிறேன். சுவரோவியப் பணிக்கு நிதியளிக்கும் அன்பர்கள், ஓவியர்களுக்கு வண்ணத்துக்கும் கூலிக்கும் கொடுப்பதோடு, தூரிகையைத் தொடும் முன் அந்த ஊரில் இரண்டு விடியல்கள் தங்கிப் பார்க்கவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தலைமையாசிரியர்கள், என்ன வரையலாம் என்பதைக் கைப்பேசியிடம் கேட்பதற்கு முன் ஊரில் ஆடு மேய்ப்பவரிடமும் மடை பார்ப்பவரிடமும் கேட்க வேண்டும். ஓவியர்கள் கேட்டால், நான் வயலில் இருந்து வரைந்து வைத்திருக்கும் நரி, கீரி, பனங்காடை, மஞ்சள்மூக்கு நாரை ஆகியவற்றின் உண்மை அளவுத் தாள்களைப் பிரதி எடுத்துக்கொள்ள மகிழ்ச்சியோடு தருவேன். அவற்றை அப்படியே பார்த்து வரையாமல், எலும்பும் மூட்டும் எங்கே இருக்கின்றன என்று பழகுவதற்கு மட்டும் பயன்படுத்தினால் போதும்.

தங்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. தங்கள் சிறுவர் பகுதியில் வாரம் ஒரு முறை நம் பக்கத்து உயிர் ஒன்றின் படத்தை, அந்தந்த ஊரில் வழங்கும் பெயரோடு வெளியிட்டால், அதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். பிசான அறுவடை நெருங்குகிறது. இன்னும் சில வாரங்களில் வயல்கள் வெறுமையாகி, விடியலில் வரப்பின்மேல் நரி தெரியத் தொடங்கும். தங்கள் புகைப்படக் கலைஞர் எவரேனும் வர விரும்பினால், கால்வாய்க் கரையில் எங்கே உட்கார வேண்டும் என்பதை நான் காட்டுகிறேன். படத்தை வெளியிடும்போது, இடம் போதவில்லை என்று வால் நுனியை மட்டும் வெட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஓவிய ஆசிரியர் (ஓய்வு),
சேரன்மகாதேவி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.